ஒரு துணைக்கால் விடுபட்டபோது: பிழை திருத்தத்தில் நான் கற்றவை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் வட்டார வார இதழில் 2009ஆம் ஆண்டு முதல் உதவி ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். எட்டுப் பக்க இதழ். வெள்ளிக்கிழமை இரவு அச்சுக்குப் போய், சனிக்கிழமை காலை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள டீக்கடைகளுக்கும் முடிதிருத்தும் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் சென்று சேரும். குடிநீர் லாரி வராத தெரு, அடைத்துக்கொண்ட கால்வாய், வார்டு அலுவலகத்தில் நடக்கும் முகாம் என்று நாளிதழ்களில் இடம் கிடைக்காத செய்திகளே எங்கள் செய்திகள். செய்தியில் வருபவரும் அதைப் படிப்பவரும் ஒரே தெருவில் குடியிருப்பதால், நாங்கள் செய்யும் பிழையின் விளைவு இரண்டு நாட்களுக்குள் எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிடும்.

2014ஆம் ஆண்டு கோடையில், காசிமேட்டில் கஞ்சா விற்றதாக ஒருவர் கைது செய்யப்பட்டார். காவல் நிலையம் கொடுத்த செய்திக் குறிப்பில் அவருடைய பெயர், தலைப்பெழுத்து, வயது, தொழில், தெரு ஆகிய அனைத்தும் இருந்தன. தலைப்பெழுத்து 'கோ'. தட்டச்சு செய்தபோது துணைக்கால் விடுபட்டு அது 'கே' ஆகிவிட்டது. அச்சுக்கு முன் பிழை திருத்த மெய்ப்புப் பார்த்தவர் செய்திக் குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கவில்லை; 'கே' என்பது இயல்பான தலைப்பெழுத்துதான் என்பதால் அவர் கண்ணில் அது படவும் இல்லை. பக்கம் கட்டும்போது செய்தி இரண்டு வரி மிகுந்தது. வயதும் தொழிலும் இருந்த வரியை நான்தான் வெட்டினேன். அதே தெருவில், அதே பெயரில், 'கே' என்ற தலைப்பெழுத்துடன் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிச் செல்லும் லோடு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வாழ்ந்து வந்தார்.

திங்கட்கிழமை முற்பகல் அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். நான்காக மடித்த எங்கள் இதழ் அவர் கையில் இருந்தது. செய்தியைச் சுற்றி யாரோ பால்பாயிண்ட் பேனாவால் கட்டம் போட்டிருந்தார்கள். "சார், இது எங்க வூட்டுக்காரரு இல்ல. ரெண்டு நாளா ஐஸ் கம்பெனில வண்டி கூப்பிடவே இல்ல சார்" என்றார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. செய்திக் குறிப்பை எடுத்து இதழோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எங்கே தவறு நடந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொல்லி அனுப்பினோம்.

சொன்னபடி போட்டோம். ஏழாம் பக்கத்தில், வாடகைக்கு வீடு விளம்பரங்களுக்குக் கீழே, "கடந்த இதழின் 3ஆம் பக்கச் செய்தியில் 'கே' என்பதை 'கோ' என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்" என்று இரண்டு வரிகள். அதற்கும் அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மா மறுபடியும் வந்தார். திருத்தத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இத படிச்சா யாருக்கு சார் இன்னா புரியும்?" என்று கேட்டார்.

பத்திரிகைத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட நியாயமான ஒன்றை நான் சந்தித்ததில்லை. எந்தச் செய்தி, யாருடைய பெயர், அந்தப் பிழையால் யார் மீது பழி விழுந்தது என்ற எதுவும் அந்த இரண்டு வரிகளில் இல்லை. முந்தைய வார இதழைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே அது விளங்கும். டீக்கடையில் முந்தைய வார இதழ் அதற்குள் பஜ்ஜி மடிக்கப் போயிருக்கும். செய்தியை மூன்றாம் பக்கத்தில் படித்தவர்கள் ஏழாம் பக்கத்தின் அடியைப் பார்ப்பார்கள் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. திருத்தம் வெளியிட்டுவிட்டோம் என்ற நிறைவு எங்களுக்கு மட்டும் கிடைத்தது. ஐஸ் கம்பெனியிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை.

பிழை எந்த வழியில் எந்தக் கண்களைச் சென்றடைந்ததோ அந்த வழியிலேயே திருத்தமும் அந்தக் கண்களைச் சென்றடைய வேண்டும். இன்றுவரை எங்கள் அலுவலகத்தில் திருத்தம் குறித்த மற்ற முடிவுகளை எல்லாம் இதை வைத்துத்தான் எடுக்கிறோம்.

இரண்டாவது திருத்தத்தை எழுதுவதற்கு முன், அதை எப்படி எழுதவேண்டும் என்று அவர்களிடமே கேட்டோம். இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெளிவாகத் திருத்த வேண்டுமானால் தவறான செய்தியைத் திரும்பவும் ஓரளவு சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வதால், முதல் செய்தியைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பெயர் கஞ்சாவோடு சேர்ந்து தெரியவரும். அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. அந்தத் தெருவில் நடந்து போகவேண்டியவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் தன் பெயர், தொழில், தெரு மூன்றையும் போட்டு, கைதானவர் தான் இல்லை என்று எழுதச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில், முதலில் செய்தி வந்த அதே பத்தியில், அதே அளவுத் தலைப்பில் அப்படியே வெளியிட்டோம். தட்டச்சிலும் பக்க அமைப்பிலும் நாங்கள் செய்த தவறு அது என்பதையும், காவல் துறையின் குறிப்பு சரியாகவே இருந்தது என்பதையும் எழுதினோம். அந்தத் தெருவின் டீக்கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் கூடுதல் பிரதிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீக்கடைக்காரர் அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினார். அதே வாரத்தில் அவருக்கு வண்டி வேலை திரும்பக் கிடைத்தது.

எல்லோரும் அவரைப் போலவே முடிவெடுப்பதில்லை. குடும்பத் தகராறு ஒன்றைப் பற்றிய செய்தியில் ஒரு பெண்ணின் முகவரியைத் தவறாகப் போட்டுவிட்டோம். அவர் தொலைபேசியில் அழைத்து, "விட்டுடுங்க சார், திரும்பப் போட்டா மறந்தவங்களுக்கும் ஞாபகம் வந்துடும்" என்றார். இதழில் திருத்தம் போடவில்லை. எங்கள் இணையப் பக்கத்திலிருந்து அந்த முகவரியை மட்டும் எடுத்துவிட்டு, விவரம் ஒன்று நீக்கப்பட்டது என்று குறிப்பு எழுதினோம்.

குற்றச் செய்தியில் வயது, தொழில், தெரு ஆகியவற்றை இடப்பற்றாக்குறைக்காக வெட்டக்கூடாது என்ற விதியை அந்த வாரமே ஏற்படுத்தினோம். படிப்பவருக்கு அவை தேவையில்லாத விவரங்களாகத் தோன்றலாம். அதே பெயருள்ள மற்றவர்களை அந்த விவரங்கள்தாம் காக்கின்றன. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் நம் ஊரில் இது இன்னும் முக்கியம். கைதானவர் சிறுவராகவோ, பாதிக்கப்பட்டவர் குழந்தையாகவோ இருந்தால் நிலைமை நேர்மாறானது: பெயரோ, பள்ளியோ, அடையாளம் காட்டும் வேறெதுவுமோ வெளிவரக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டமும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் தடை செய்கின்றன. அங்கே ஒரு விவரம் தவறி வெளிவந்துவிட்டால், திருத்தத்தில் அதை மறுபடி சொல்வதும் குற்றமே.

தலைப்பெழுத்துகளை இப்போது திரையில் மட்டும் சரிபார்ப்பதில்லை. ஒருவர் மூலக் குறிப்பைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துக்கொண்டு வருகிறார். 'கே' என்பதும் 'கோ' என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் காதில் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

பிழைகளுக்கென்று நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்தோம். எந்த இதழ், எந்தப் பக்கம், அச்சானது என்ன, சரியானது என்ன, சுட்டிக்காட்டியவர் யார், திருத்தம் எங்கே எப்போது வந்தது என்பவற்றோடு, பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. தகவல் தந்தவரிடமா, நிருபரிடமா, செய்தியைச் செப்பனிடும் டெஸ்க்கிலா, பக்க அமைப்பிலா என்று அதில் எழுதுவோம். ஓராண்டு எழுதியபின் அந்த நோட்டைப் புரட்டினால், பிழைகள் தற்செயலாக வருவதில்லை என்பது தெரியும். அவை ஒரே வாசல் வழியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்களுக்கு அந்த வாசல்களில் ஒன்று வார்டு எண். 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகள் அதனுடன் இணைந்தன. 155 வார்டுகள் 200 ஆயின. எண்களும் வடக்கே எண்ணூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கின. மக்கள் பழைய எண்ணைச் சொன்னார்கள், அதிகாரிகள் புதிய எண்ணைச் சொன்னார்கள், நிருபர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். முகாமுக்குப் போனவர்கள் வேறு வார்டு அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள். மேசைக்கு மேலே புதிய வார்டு வரைபடத்தை ஒட்டி, வார்டு எண்ணோடு தெருப் பெயரையும் சேர்த்தே எழுதுவது என்று முடிவு செய்தபின் அந்த வகைப் பிழை ஏறக்குறைய நின்றுவிட்டது.

நோட்டில் ஒரு கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே வைக்கவில்லை. அது பிழை செய்தவரின் பெயர். நான் இதற்கு முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பிழை செய்தவருக்கு ஒருநாள் சம்பளம் பிடிப்பார்கள். அதன் விளைவாக வாசகர் கடிதங்கள் மேசை இழுப்பறைக்குள் காணாமற்போயின. தொலைபேசியில் வந்த புகார்கள் யாருக்கும் சொல்லப்படவில்லை. தண்டனைக்கு அஞ்சுகிறவர் பிழையை மறைப்பார், மறைக்கப்பட்ட பிழை அடுத்த வாரமும் அப்படியே வரும். அலட்சியமாக இருப்பவரைக் கண்டிக்கவேண்டியது ஆசிரியரின் கடமைதான். ஆனால் அதை அறைக்குள் செய்ய வேண்டும், பிழை ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு செய்ய வேண்டும். வெளியிடப்படும் திருத்தத்தில் நிருபரின் பெயர் இருக்கக்கூடாது. இதழில் ஆசிரியர் பெயர் அச்சிடப்பட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் விதித்ததே, வெளிவரும் எழுத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான்.

புகாரை விசாரிப்பவர், புகாருக்கு உள்ளான செய்தியில் கைவைத்தவராக இருக்கக்கூடாது. லண்டனிலிருந்து வரும் தி கார்டியன் 1997ஆம் ஆண்டில் இதற்காகவே வாசகர் ஆசிரியர் என்ற பதவியை உருவாக்கி இயன் மேயஸை அதில் அமர்த்தியது. சென்னையிலிருந்து வரும் தி இந்து 2006ஆம் ஆண்டில் அதே முறையைப் பின்பற்றியது, முதலில் கே. நாராயணனும், 2012 முதல் ஏ.எஸ். பன்னீர்செல்வனும் அந்தப் பொறுப்பை வகித்தார்கள். எட்டுப் பக்க வார இதழால் அப்படியொரு பதவிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், எங்களுக்கு விடாமல் பிழை சுட்டிக் கடிதம் எழுதிவந்தவர், அவரையே கேட்டுக்கொண்டோம். புதன்கிழமைதோறும் வந்து புகார்களைப் படித்து, தேவையானால் நிருபரையும் புகார் செய்தவரையும் தனித்தனியே கேட்டு, திருத்தம் தேவையா என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறார். அவர் எழுதியதை மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை என்று ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.

ராயபுரம் ரயில் நிலையம் பற்றிய பிழையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அது இந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று சிறப்புக் கட்டுரை ஒன்றில் எழுதிவிட்டோம். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது. ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது 1856இல். அது தென்னிந்தியாவின் முதல் நிலையம். எங்கள் தவறு யாரையும் புண்படுத்தவில்லை, ஊர்க்காரர்களுக்குப் பெருமையாகவும் இருந்தது. அதனாலேயே யாரும் புகார் செய்யவில்லை. பள்ளி மாணவர்கள் அதைக் கட்டுரைப் போட்டிக்கு எடுத்து எழுதினார்கள், வேறு இரண்டு வெளியீடுகளிலும் அதே வரி வந்தது. வாசகருக்குப் பிடித்த பிழையைத் திருத்துவது கடினம். ஆனால் அதுதான் மற்ற பிழைகளைவிட நீண்ட நாள் வாழும். இதழ்களை ஆண்டுவாரியாகத் தைத்து வைத்திருக்கும் தொகுப்பில், அந்தப் பக்கத்தின் ஓரத்தில், திருத்தத்தை ஒரு சீட்டில் அச்சிட்டு மைதாப் பசையால் ஒட்டினோம். பிறகு பழைய திருத்தங்களுக்கெல்லாம் அப்படியே செய்தோம். தொகுப்பைப் புரட்ட வருபவர்கள் செய்தி இருக்கும் பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள். மூன்று வாரம் கழித்து வந்த திருத்தத்தைத் தேடிப் போகமாட்டார்கள்.

செய்தி மாறுவது வேறு, செய்தி தவறாக இருப்பது வேறு என்பதையும் சொல்லவேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. சில நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கருங்குழம்பை வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அறிக்கை இப்படிச் சொன்னது என்று எழுதியிருந்தால் அது பிழையாகாது. அடுத்த செய்தியில் நிலவரம் மாறியதைச் சொன்னால் போதும். எண்ணெய் கசியவில்லை என்று நம் வாக்காகவே எழுதியிருந்தால் அது நம் பிழை, அதற்குத் திருத்தம் வேண்டும். அறிக்கை தந்தவரைக் காட்டி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

மறுப்பும் திருத்தமும் ஒன்றல்ல. ஒப்பந்ததாரர் ஒருவர் சாலைப் பணி குறித்த செய்திக்குத் திருத்தம் கேட்டு வந்தார். எது தவறு என்று கேட்டபோது, எதுவும் தவறில்லை, ஆனால் அப்படி எழுதியிருக்கக்கூடாது என்றார். அவருடைய விளக்கத்தை மறுப்பாக வெளியிட்டோம். திருத்தம் என்ற தலைப்பைக் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லை அழுத்தத்துக்காக ஒருமுறை விட்டுக்கொடுத்தால், பிறகு உண்மையான திருத்தத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

தவறை ஒப்புக்கொண்டால் வழக்கு வரும் என்று வழக்கறிஞர்கள் எச்சரிப்பது உண்டு. என் அனுபவத்தில், எங்கள் படியேறி வந்தவர்களில் பெரும்பாலோர் வழக்கை நினைத்து வரவில்லை, இரண்டாவது முறையும் அலட்சியப்படுத்தப்பட்டபோதுதான் அதைப் பேசத் தொடங்கினார்கள். அவதூறு வழக்காகக்கூடிய விஷயங்களில் வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டுவது அவசியம். திருத்தத்தையே தள்ளிப்போடுவது அவசியமல்ல. இதழ் திருத்த மறுத்தால் வாசகர் செய்யக்கூடியதையும் எங்கள் இதழிலேயே எழுதியிருக்கிறோம். முதலில் ஆசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்யலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் செய்ய வேண்டும். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை. திருத்தம் உடனடியாகவும் உரிய முக்கியத்துவத்தோடும் வெளிவர வேண்டும் என்று அதன் நடத்தை நெறிகள் சொல்கின்றன.

அந்த 'உடனடியாக' என்ற சொல் எங்களுக்கு 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது விளங்கியது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் நின்றது. நிவாரண முகாம் நடக்கும் மாநகராட்சிப் பள்ளியின் பெயரை ஒரு படமாகச் செய்து, வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினோம். பள்ளி தவறு. இரண்டு தெரு தள்ளியிருந்த பூட்டிய பள்ளியின் பெயரைப் போட்டிருந்தோம். மூதாட்டி ஒருவர் பேரனைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அங்கே போய்த் திரும்பினார் என்று டீக்கடைக்காரர் அழைத்துச் சொன்னார். இளைய சகா ஒருவர் பதறிப்போய், இணையப் பக்கத்தில் பெயரைச் சத்தமில்லாமல் மாற்றினார். கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த படம் மாறவில்லை. சரியான பெயரோடு இன்னொரு படத்தை அதே நிறத்தில் அனுப்பினோம்; இப்போது இரண்டில் எது சரி என்று கேட்டு அழைப்புகள் வந்தன. மூன்றாவது முறைதான் சரியாகச் செய்தோம். மேலே சிவப்புப் பட்டையில் 'திருத்தம்' என்று எழுதி, தவறான பள்ளியின் பெயரைக் குறுக்கே அடித்துக் காட்டி, சரியான பெயரையும் அனுப்பிய நேரத்தையும் பெரிய எழுத்தில் போட்டு, முதல் படம் சென்ற ஒவ்வொரு குழுவுக்கும் அனுப்பி, குழுவை நடத்துபவர்களிடம் பேசினோம். பூட்டிய பள்ளியின் வாசலில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டு வர ஒருவரை அனுப்பினோம். அந்த மூதாட்டியிடம் அன்று மாலை முகாமுக்குப் போய் நேரில் வருத்தம் தெரிவித்தேன்.

முதல் படத்தில் நாங்கள் தேதி போடவில்லை. 2024 அக்டோபரில் மறுபடி கனமழை பெய்தபோது, அந்தப் பழைய தவறான படம் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. இரவு பதினோரு மணி இருக்கும். 2023 டிசம்பரில் நாங்கள் தவறாக வெளியிட்ட படம் இது என்ற குறிப்போடும் அன்றைய தேதியோடும், முகாம்களின் புதிய விவரத்தையும் சேர்த்து, பட்டியலில் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினோம். கொருக்குப்பேட்டைக் குழுவை நடத்துபவர் உடனே அழைத்தார். "நல்லவேள சொன்னீங்க சார், இப்பதான் நாலு பேருக்கு அனுப்பினேன். இருங்க, அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிட்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.